ஒட்டும் மருந்தும் எட்டாத கரையும்

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருந்துகளின் கண்டுபிடிப்பையே அதன் மையமாகக் கொள்வர். சின்கோனாப் பட்டை, அம்மைப்பால், பெனிசிலின் என அவ்வரலாறு பெயர்களின் வரிசையாக விரிந்து செல்லும். ஆயின், மருந்தொன்று கண்டறியப்பட்ட அளவிலே நோய் தீர்ந்துவிடுவதில்லை. அது வேண்டிய இடத்தைச் சென்றடைதல் வேண்டும். சென்றடைந்தபின் வேண்டிய நேரமளவும் அங்கே தங்கி நிற்றலும் வேண்டும். மருந்தைச் சேர்ப்பித்தல் என்னும் இக்கருமத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு கிளையாகிய, சீதமென்சவ்வில் ஒட்டிநின்று மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் பற்றுப் பல்பகுதியங்களின் வரலாற்றை நோக்குதலே இக்கட்டுரையின் பொருளாகும்.

இரசாயனவியலாரின் ஆய்வுகூடத்துக்குரிய இப்பொருளைக் கலைப்பீட மாணவன் ஒருவன் எடுத்தாள்வது ஏன் என்ற வினா எழலாம். சேர்ப்பித்தல் என்னும் சொல் இருபொருள்படும் என்பதே அதற்கான விடை. உடலினுள்ளே மருந்து புண்ணைச் சென்றடைதல் ஒன்று. உலகினுள்ளே மருந்து நோயாளியைச் சென்றடைதல் மற்றொன்று. முன்னையதை இரசாயனம் ஆராய்கின்றது. பின்னையதை ஆராய வேண்டியது வரலாறு. இவ்விரு வழிகளும் எங்கே சந்திக்கின்றன, எங்கே பிரிந்துவிடுகின்றன என்பதைக் காண்பதற்கு, முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் முள்ளிவாய்க்கால் என்னும் நிலத்துண்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அனுபானமும் பற்றும்

மருந்தைத் தாங்கிச் செல்லும் பொருளுக்கும் தனியே ஒரு பயன் உண்டு என்னும் கருத்து நம்மவர்க்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தில் மருந்து ஒன்றாயிருக்க, அதனைத் தேனிற் குழைத்துக் கொடுப்பதா, நெய்யிற் கொடுப்பதா, பாலிற் கொடுப்பதா என்பது நோய்க்கேற்ப வேறுபடும். அவ்வாறு துணைநிற்கும் பொருளை அனுபானம் என வழங்கினர். சூரணமாகக் கொடுத்தால் விரைவில் உள்ளே இறங்கிவிடும் மருந்தினை இலேகியமாகக் கிண்டிக் கொடுக்குமிடத்து அது நாவிலும் தொண்டையிலும் சற்றே தங்கி இறங்கும். வீக்கத்தின்மேல் அரைத்துப் பூசுவதைப் ‘பற்றுப் போடுதல்’ எனக் கூறுவதும் கருதத்தக்கது. பூசியது பற்றிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே அப்பெயரின் உட்பொருள் எனலாம். வேலம்பிசின் முதலிய மரப்பிசின்கள் குழைத்தும் கரைத்தும் பயன்படுத்தப்பட்டதன் காரணமும் இதுவே.

இவ்வழக்கங்களின் பின்னணியில் உள்ள இடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியது. வாய், மூக்கு, கண், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பைப் போர்த்திருக்கும் சீதமென்சவ்வு தன்மேற் படியும் அந்நியப் பொருளை ஓயாது கழுவி அகற்றும் இயல்புடையது. கண்ணில் விட்ட சொட்டு மருந்தினைக் கண்ணீர் சில நிமிடங்களிற் கழுவிச் சென்றுவிடுகின்றது. விட்ட மருந்தில் நூற்றில் ஐந்து பங்குகூடக் கண்ணின் உட்பகுதியைச் சேர்வதில்லை. வாய்ப்புண்ணில் தடவியதை உமிழ்நீர் கரைத்து விழுங்கச் செய்கின்றது. இதனாலேயே ஒரே மருந்தை நாளொன்றுக்கு மூன்று வேளை, நான்கு வேளை எனத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியுள்ளது. கொடுத்தவுடன் உடலில் மருந்தின் அளவு உயர்ந்து, அடுத்த வேளைக்குள் தாழ்ந்துவிடும். தாழ்ந்த வேளையில் நோய் தலைதூக்கும். இவ்வேற்றத்தாழ்வை நீக்கி, ஒரே சீரான அளவில் நெடுநேரம் மருந்து கிடைக்கச் செய்வதையே கட்டுப்படுத்திய மருந்துவிடுவிப்பு என்பர்.

இலங்கைப் பாசி

ஒட்டும் தன்மை வாய்ந்த இயற்கைப் பொருளொன்று நமது கரையிலிருந்து ஐரோப்பிய மருத்துவ நூல்களுட் புகுந்த நிகழ்ச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்துள்ளது. ‘இலங்கைப் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் ஐரோப்பியர் பெயரிட்ட கடற்பாசியே அது. கிரசிலாரியா என்னும் இனத்தைச் சேர்ந்த அப்பாசி, புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட கடனீரேரியிற் பெருமளவு சேகரிக்கப்பட்டு, பாய்களிற் பரப்பி உலர்த்தப்பட்டு, நன்னீரிற் பலமுறை கழுவி வெளுக்கப்பட்டது. நீரிற் கொதிக்கவைத்து ஆறவிட்டால் இது களிபோல் உறையும். வங்காளத்திற் பணியாற்றிய மருத்துவர் ஓஷாக்னசி இதனை ஐரோப்பிய மருத்துவரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1840ஆம் ஆண்டில் இலண்டனில் சிக்மண்ட், ஃபார் என்னும் இரு மருத்துவர்கள் இதன் மருத்துவப் பயன்பற்றித் தனிநூலே வெளியிட்டனர். 1868இல் வெளிவந்த இந்திய மருந்துத்தொகை நூலிலும் இது இடம்பெற்றது. புண்பட்ட உட்சவ்வைப் போர்த்தி உறுத்தலைத் தணிக்கும் பொருளாகவும், நோயுற்றோர்க்கு எளிய உணவாகவும் இது கருதப்பட்டது.

இங்கு வரலாற்று மாணவர் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. பாசியை அள்ளி உலர்த்தியவர் இந்நாட்டுக் கரையோர மக்கள். அதனை மருந்தென வகுத்து, அளவு குறித்து, நூலில் ஏற்றியவர் பிறர். மூலப்பொருள் கரையிலிருந்து வெளியே சென்றது. அறிவு வேற்று மொழியில் வேற்றிடத்தில் நிலைகொண்டது. இம்முறைமை பின்னர் பலவிடங்களில் மீண்டும் நிகழ்வதைக் காண்போம்.

எனினும், அதே காலத்தில் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடைபெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1873இல் நாடு திரும்பும் வரையில் தமிழ் மாணவர்க்கு மேலைமருத்துவம் கற்பித்தார். தம் பணியின் பிற்பகுதியில் அதனைத் தமிழ் மொழியிலேயே கற்பிக்கலானார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் அவரும் அவர்தம் மாணவரும் மொழிபெயர்த்த நூல்கள் அச்சேறின. மருந்து சேர வேண்டுமாயின் முதலில் அறிவு சேர வேண்டும், அறிவு சேர வேண்டுமாயின் அது மக்கள் மொழியிற் சேர வேண்டும் என்னும் தெளிவு அம்முயற்சியின் அடிநாதமாக விளங்கியது. சேர்ப்பித்தலின் இரண்டாம் பொருளை நம்மிடையே செயலிற் காட்டிய முன்னோடி முயற்சி அதுவே எனலாம்.

இறாலின் ஓடு

இனி நந்திக்கடலுக்கு வருவோம். பேராறு முதலிய சிற்றாறுகளின் நீரைப் பெற்று, ஒடுங்கிய வாயினூடாகப் பெருங்கடலோடு தொடர்புகொள்ளும் இவ்வேரி இறாலுக்குப் பெயர்பெற்றது. இறாலை உரிக்குமிடத்துத் தலையும் ஓடுமாக அதன் நிறையில் 40 முதல் 50 வீதம்வரை கழிவாகிவிடும். வீச்சுவலையும் தோணியுமாக இக்கரையில் வாழ்ந்த தலைமுறைகள் சதையை உண்டும் விற்றும் ஓட்டை எறிந்துவிட்டன. எறிந்தது தவறன்று, அதிற் பயன் உண்டென்பதை அன்று எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

அவ்வோட்டிற் பொதிந்துள்ள பொருளின் வரலாறு காளானிலிருந்து தொடங்குகின்றது. 1811இல் பிரான்சின் நான்சி நகரிற் பணியாற்றிய பிரக்கொன்னோ என்பார் காளான்களினின்றும் எளிதிற் கரையாத ஒரு பொருளைப் பிரித்தார். 1823இல் ஓடியே என்பார் பூச்சிகளின் இறகுறையில் அத்தகைய பொருளைக் கண்டு, ‘மேலாடை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குக் ‘கைற்றின்’ எனப் பெயரிட்டார். 1859இல் ரூஜே என்பார் இக்கைற்றினைச் செறிந்த காரத்திற் கொதிக்க வைத்தபோது அது அமிலத்திற் கரையக்கூடிய புதிய வடிவெய்தியது. 1894இல் செருமானிய அறிஞர் ஹொப்பே-சைலர் அவ்வடிவத்திற்குக் ‘கைற்றோசான்’ என்னும் பெயரைச் சூட்டினார். ஆயின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் பல பத்தாண்டுகள் அது அறிவியற் புதுமையாகவே கிடந்தது.

ஓட்டிலிருந்து இதனைப் பெறும் முறை பாடசாலை இரசாயனத்துக்கு அப்பாற்பட்டதன்று. இறாலோட்டில் சுண்ணாம்பும் புரதமும் கைற்றினும் பின்னிக் கிடக்கின்றன. ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைத்துவிடும். ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு புரதத்தை அகற்றிவிடும். எஞ்சுவது கைற்றின். அதனைச் செறிந்த காரக் கரைசலிற் சூடாக்கினால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியிலுள்ள அசற்றைற் கூட்டங்கள் நீங்கி, அமைனோக் கூட்டங்கள் வெளிப்படும். அதுவே கைற்றோசான். புளிக்காடியின் அமிலமாகிய அசற்றிக்கமிலத்தின் ஐதான கரைசலில் அது கரைந்து பசைபோலாகும்.

பருத்தியின் செலுலோசும், அரிசியின் மாப்பொருளும், இறாலின் கைற்றினும் சர்க்கரை அலகுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகளே. இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளையே பல்பகுதியங்கள் என்கின்றோம். ஆயினும் கைற்றோசானுக்கு ஒரு தனிச்சிறப்புண்டு. அதன் அமைனோக் கூட்டங்கள் மென்னமில நிலையில் நேரேற்றம் பெறுகின்றன. சீதமென்சவ்வின் மேலுள்ள சீதப்படலமோ எதிரேற்றம் கொண்டது. எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று ஈர்த்தலால் கைற்றோசான் சீதத்தைப் பற்றிக்கொள்கின்றது. இயற்கையிற் பெருமளவிற் கிடைக்கும் பல்பகுதியங்களுள் இத்தகைய நேரேற்றம் பெறுவது அரிது.

பற்றுதல் அறிவியலானமை

ஒட்டும் மருந்தினை அறிவியல் நெறியில் ஆக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போரை அடுத்துத் தோன்றியது. 1947இல் அமெரிக்கப் பல்மருத்துவர்கள், கட்டுப்பல்லை ஒட்டும் தூளோடு திரகாந்தப் பிசினைக் கலந்து, அதன்வழியே பெனிசிலினை வாயின் உட்சவ்வில் நிறுத்த முயன்றனர். பெனிசிலின் அக்காலத்தின் புதுமருந்து. பிசினோ மிகப் பழைய பொருள். புதியதைப் பழையது தாங்கி நின்ற அக்காட்சி அனுபானத்தின் மறுபிறப்பெனத் தோன்றுகின்றது. 1952இல் அமெரிக்க மருந்து நிறுவனமொன்று, வெவ்வேறு தடிப்பில் மேற்பூச்சுற்ற சிறுமணிகளை ஓர் உறையிலிட்டுப் பல மணிநேரம் மருந்தை விடுவிக்கும் முறையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. விடுவிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது அதனால் உறுதியாயிற்று. ஆயினும் மணிகள் குடலின் அசைவோடு சென்றுகொண்டேயிருந்தன. விடுவிப்பும் தங்குதலும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்னும் தேவை எஞ்சி நின்றது.

1980களின் தொடக்கத்தில் யப்பானின் ஹோஷிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனேயி நாகாய், செலுலோசின் திரிந்த வடிவமொன்றையும் காபொபோல் என்னும் செயற்கைப் பல்பகுதியத்தையும் கலந்து வாய்ப்புண்ணில் ஒட்டும் சிறுவில்லையை உருவாக்கினார். அது மருத்துவப் பயன்பாட்டுக்கும் வந்தது. 1984இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பார்க், றொபின்சன் ஆகியோர், எப்பல்பகுதியம் சீதத்தை எவ்வளவு வலுவாகப் பற்றுகின்றது என்பதை அளந்தறியும் முறைகளை வகுத்தனர். கைவைத்தியர் பட்டறிவால் உணர்ந்ததை எண்ணால் உரைக்கும் நிலை அப்பொழுதுதான் ஏற்பட்டது. 1994இல் நொட்டிங்காமில் லிஸ்பெத் இல்லும் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகள் மூக்கின் உட்சவ்வினூடாக உட்புகுவதற்குக் கைற்றோசான் துணைநிற்பதை விலங்காய்வுகளிற் காட்டினர். ஊசியின்றி மருந்தேற்றும் கனவிற்கு இறாலோடு துணைவந்தது.

ஆனால் இயற்கைக் கைற்றோசானுக்குக் குறைகளும் இருந்தன. அமிலந்தணிந்த குடற்பகுதியில் அது ஏற்றத்தையும் கரைதிறனையும் இழக்கின்றது. மின்னேற்றத்தால் நிகழும் ஈர்ப்பும் வலுக்குன்றியதே. எனவே மூலக்கூற்றையே திருத்தும் பணி தொடங்கியது. 1990களில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் யுங்கிங்கர் முதலியோர், அமைனோக் கூட்டத்தோடு மெதைற் கூட்டங்களைப் பிணைத்து, எந்நிலையிலும் நேரேற்றம் நீங்காத கைற்றோசானை ஆராய்ந்தனர். 1999இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் அந்திரேயாஸ் பேர்ன்கொப்-ஷ்நூர்ஷ் மேலும் ஒருபடி சென்றார். அவர் பல்பகுதியச் சங்கிலியிற் கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த தயோற் கூட்டங்களைப் பிணைத்தார். சீதத்தின் புரதத்திலும் அவ்வாறே கந்தகங்கொண்ட சிஸ்தீன் அலகுகள் உள்ளன. இரண்டும் நெருங்குமிடத்துக் கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே இருசல்பைட்டுப் பிணைப்பு உண்டாகின்றது. முன்னையது இருவர் அருகருகே நிற்பது போன்றதென்றால், பின்னையது இருவரும் கைகோத்து நிற்பது போன்றதாகும். தயோமர்கள் எனப் பெயர்பெற்ற இப்பொருள்களுள் தயோலேற்றிய கைற்றோசானும் ஒன்று. கண்வறட்சிக்கான சொட்டுநீர்மமாக அது ஐரோப்பியச் சந்தையையும் அடைந்துள்ளது.

இங்கும் மிகைப்படக் கூறுதல் தகாது. பல்பகுதியம் சீதத்தை எத்துணை இறுகப் பற்றினும், சீதமே சில மணிநேரத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. பற்றிய கொம்பே உதிர்ந்துவிடின் கொடிக்கு நிலையில்லை. ஆய்வுகூடத்தில் வெற்றிகண்ட பல வடிவங்கள் மனிதரிடத்துச் சோதனைகளைக் கடக்கவில்லை. ஆயினும் நான்கு வேளையை இரு வேளையாக்கவும், ஊசியை வில்லையாக்கவும் இம்முயற்சிகள் வழிகோலுகின்றன. தாதியர் குறைந்த, குளிர்சாதனமற்ற, பாதை துண்டிக்கப்பட்ட இடங்களிலேதான் இத்தகைய மருந்தின் தேவை மிகுதி. அவ்விடங்களுக்கே அது இறுதியாகச் சென்று சேர்கின்றது என்பதே முரண்.

போர்க்களத்திற் கைற்றோசான்

ஒட்டும் பல்பகுதியத்திற்குச் சீதம் மட்டும் இலக்கன்று, குருதியும் இலக்காகும். சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிரேற்றம் உடையதாதலால் கைற்றோசான் அவற்றை ஈர்த்துத் திரட்டிக் காயத்தின் வாயை அடைக்கின்றது. ஈரமான இழையத்தோடு ஒட்டியும் நிற்கின்றது. இவ்வியல்பை அடிப்படையாகக்கொண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் உருவான ஹெம்கொன் என்னும் காயக்கட்டிற்கு அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 2002இல் அனுமதி வழங்கியது. அடுத்த ஆண்டுகளில் ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் போரிட்ட அமெரிக்கப் படையினரின் பொதிகளில் அது இடம்பெற்றது. அதன் ஒட்டுந்திறன் கட்டுக்குக் கட்டு வேறுபடுவதைச் சில ஆய்வுகள் சுட்டிக்காட்டின. பின்னர் வேறு வடிவங்களும் போட்டியாக வந்தன. எனினும், கைகால்களை இறுக்கிக் கட்ட முடியாத இடங்களிற் பீறிடும் குருதியைத் தடுக்கும் பொருளாக இறாலோட்டின் சாரம் உலகின் மிக வசதிபடைத்த படையொன்றின் கைக்கெட்டியது.

இஃது 2003ஆம் ஆண்டளவின் நிலை. ஆறு ஆண்டுகளின் பின்னர், இறாலோடு குவிந்து கிடந்த கரையொன்றில் நிலைமை எவ்வாறிருந்தது என்பதை நோக்குதல் வேண்டும்.

முள்ளிவாய்க்கால், 2009

வன்னிக்கு மருந்து செல்வது 2009இல் திடீரெனத் தடைப்பட்டதன்று. 1990களில் நிலவிய பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் முதல் மருந்துவரை பல பொருள்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. 2002இன் போர்நிறுத்தக் காலத்தில் அத்தடை நீங்கியது. 2008 செப்டெம்பரில் அரசின் பணிப்பின் பேரில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் முகவரகங்களும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. 2009 சனவரி தொடக்கம் மக்கள் கிழக்கு நோக்கி ஒதுங்க, மருத்துவமனைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பெப்ரவரித் தொடக்கத்தில் எறிகணைத் தாக்குதலுக்குள்ளானது. பின்னர்ப் புதுமாத்தளனிலும் இறுதியில் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்கள் முதலிய தற்காலிக இடங்களிற் சிகிச்சை நடைபெற்றது.

2009 பெப்ரவரி முதல் மே 9ஆம் நாள்வரை, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு கடல்வழியாக ஏறத்தாழ 14,000 நோயாளரையும் காயமுற்றோரையும் உடன்சென்றோரையும் வெளியே கொண்டுசென்றது. மே 9இன் பின்னர் அவ்வழியும் மூடியது. மே 18இல் போர் முடிந்தது. 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, வன்னியின் மருத்துவமனைகள் அனைத்தும் எறிகணைகளால் தாக்கப்பட்டன எனவும், மருத்துவப் பொருள்கள், குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்குரியவை, உரிய அளவில் அனுப்பப்படவில்லை எனவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாகக் கூறிற்று. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்தனர் எனவும், தப்பிச் செல்ல முயன்றோரைச் சுட்டனர் எனவும் அதே அறிக்கை குற்றஞ்சாட்டியது. 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதையும் அது மறுக்கவில்லை. அரசு அவ்வறிக்கையை நிராகரித்தது. எண்ணிக்கை பற்றிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. ஆயினும், போதிய மயக்கமருந்தின்றி உறுப்புகள் அகற்றப்பட்டமையும், குருதிப்பையும் நுண்ணுயிர்க்கொல்லியும் இன்றிக் காயமுற்றோர் மாண்டமையும் அங்கே பணியாற்றிய மருத்துவர்களும் உயிர்தப்பியோரும் கூறிய சான்றுகளாக உள்ளன.

காயக்கட்டொன்று கிடைத்திருப்பின் எறிகணை விழாதிருந்திருக்கும் என எவரும் கூறார். இவ்வழிவின் காரணங்கள் மருந்தகத்தில் உள்ளவையல்ல. ஆயின், குருதி வழிந்தே இறந்தோர் எத்தனைபேர், அவருட் சிலரையேனும் காத்திருக்கக்கூடிய எளிய பொருள்கள் எவையெவை என்னும் வினாவை வரலாறு தவிர்த்துச் செல்லவியலாது. குருதியைத் தடுக்கும் அறிவு அன்று உலகில் இருந்தது. அவ்வறிவிற்குரிய மூலப்பொருள் நந்திக்கடலிலேயே இருந்தது. மருந்து பெறும் உரிமையோ சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. இம்மூன்றும் இருந்தும் அவை அக்கரையில் ஒன்றுசேரவில்லை. சீதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றை வடிவமைக்கத் தெரிந்த நூற்றாண்டிற்கு, சில கிலோமீற்றர் நீளமான கடற்கரைக்கு மருந்துப்பெட்டியைக் கொண்டுசெல்ல இயலவில்லை. உடலினுள்ளே மருந்தைச் சேர்ப்பிக்கும் வழி செப்பமுற்ற காலத்திலேயே, உலகினுள்ளே அதனைச் சேர்ப்பிக்கும் வழி திட்டமிட்டு அடைக்கப்படலாம் என்பதற்கு முள்ளிவாய்க்கால் சான்றாக நிற்கின்றது.

அந்நாள்களில் மக்களைச் சென்றடைந்தது அரிசியும் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சி. அக்கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூருகின்றனர். பசியைத் தணித்தது என்பதற்காக மட்டும் அது நினைக்கப்படுவதில்லை. வேறெதுவும் வந்துசேராத இடத்தில் அது வந்துசேர்ந்தது. வரிசையில் நின்றவர் கைக்கு எட்டியது. சேர்ப்பித்தல் என்பதன் மதிப்பை ஆய்வேடுகளுக்கு முன்னரே அம்மக்கள் அறிந்திருந்தனர்.

நம்முன் உள்ள கடன்

கழிவை மருந்தாக்கும் வழி தூரநாடுகளுக்கே உரியதன்று. 1970களிலேயே கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழினுட்ப நிறுவனம், ஏற்றுமதி இறாலின் கழிவிலிருந்து கைற்றினையும் கைற்றோசானையும் பிரித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்து வெளியிட்டது. இறாலை உறையவைத்து அனுப்பும் துறைமுக நகரொன்றில், ஓட்டின் பயனை ஆராயும் நிறுவனமும் இருந்தது. முள்ளிவாய்க்காலுக்குக் கிட்டாத அண்மை அதுவே. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. 2021இல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டுள்ளது. நந்திக்கடலின் ஓட்டிற்கும் ஆய்வுகூடத்திற்கும் இடையேயுள்ள தூரம் இன்று நிலப்படத்தில் மிகச் சிறிது.

எனினும் இவ்வழியில் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் பெருமளவிற் பயன்படுத்தும் இத்தொழில் கவனமின்றி நடத்தப்படின், அதன் கழிவுநீர் ஏரியையே கெடுத்துவிடும். இறாலைத் தரும் நீரை அழித்து இறாலோட்டை ஆராய்வதிற் பொருளில்லை. இரண்டாவது, இலங்கைப் பாசியின் கதை மீண்டும் நிகழலாகாது. ஓட்டை உலர்த்தி மூட்டையாகக் கட்டி அனுப்புவதோடு இக்கரையின் பங்கு முடிந்துவிடின், 1840இற்கும் இன்றைக்கும் வேறுபாடில்லை. மூன்றாவது, இவ்வறிவு தமிழில் வருதல் வேண்டும். கிறீனும் அவர்தம் மாணவரும் இரணவைத்தியத்தைத் தமிழாக்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் மருந்துவிடுவிப்பு, பற்றுப் பல்பகுதியம் என்னும் சொற்களைத் தமிழில் எழுதும்போது இன்றும் ஒவ்வொன்றையும் விளக்கிச் செல்ல வேண்டியுள்ளது. விஞ்ஞானபீட மாணவர் ஆய்வை ஆங்கிலத்தில் வெளியிடுக. அதன் சாரத்தை வலைவீசுவோர் விளங்கும் தமிழிலும் எழுதுக. கலைப்பீடத்தார் அதற்குத் துணைநிற்கக் கடமைப்பட்டவர்.

வரலாற்று மாணவனுக்குத் தனியே ஒரு கடனும் உண்டு. மருந்து ஏன் இல்லை என்னும் வினாவிற்கு ‘இல்லாமையால் இல்லை’ என்னும் விடையை ஏற்றுக்கொள்ளாதிருத்தலே அக்கடன். மூலப்பொருள் எங்கிருந்தது, அறிவு எவர் கையிலிருந்தது, பாதையை அடைத்தவர் யார், திறந்திருக்கக்கூடியவர் யார் என ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுச் செல்லும்போதுதான் இல்லாமையின் வரலாறு துலங்கும். நந்திக்கடலில் மழைக்காலம் கழிந்ததும் இறால் மீண்டும் வருகின்றது. வலைகள் மீண்டும் விழுகின்றன. ஓடுகள் மீண்டும் கரையிற் குவிகின்றன. அவ்வோட்டிலிருந்து மருந்து பிறக்கும் நாள் வரலாம். பிறக்கும் மருந்து அக்கரையில் வாழ்வோர்க்கு எட்டுமா என்பதே அன்றும் நாம் கேட்க வேண்டிய முதல் வினாவாகும்.